மோர் முந்திக்கொண்ட பந்தி

1

இந்தக் கதையில் பாதிதான் எனக்குக் கிடைத்தது. மீதியைக் கரண்டு கொண்டுபோய்விட்டது.

போன வருஷம் எங்கள் கிணற்று மோட்டாரைப் பார்க்க ஒரு மெக்கானிக் வந்திருந்தார். வேலையை முடித்துவிட்டார். தண்ணீர் விழுவதைக் காட்டாமல் போனால் அவர் தொழிலுக்கு மரியாதை இல்லை. ஆனால் மூன்று பேஸ் கரண்டும் வந்தால்தானே ஓட்டிக் காட்ட முடியும்? கிணற்று மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். சும்மா இருக்கப் பிடிக்காமல், எண்பத்திரண்டாம் வருஷம் ஆடி மாதம் திருவண்ணாமலையில் நடந்த பம்புசெட்டு மெக்கானிக்குகள் மாநாட்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். மூன்றாம் பந்தி வரைக்கும் வந்தார். மோர் வாளி உள்ளே நுழைகிற இடத்தில் பல்பு எரிந்தது. எழுந்து ஸ்டார்ட்டரைப் போட்டார். தண்ணீர் விழுந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டார்.

அடுத்த தடவை வந்தபோது, அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டேன். எந்தக் கதை என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

ஆகவே மோர் வாளி வரைக்கும் அவர் பொறுப்பு. அதற்குப் பிறகு நடப்பதில் ஏதாவது பொய் இருந்தால் என்னைக் கேளுங்கள். அதற்கு முன்னால் இருக்கிற பொய்களில் எவை அவருடையவை, எவை என்னுடையவை என்று பிரிக்க இப்போது என்னாலும் ஆகாது.

2

எப்படித் தொடங்குவது என்று மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: 'மலையின் உச்சியில் அன்று மேகம் ஒரு வெண்பட்டுப் போல—'

இதை அடித்துவிட்டேன். திருவண்ணாமலையில் வேலைக்குப் போகிறவன் மலையை நிமிர்ந்து பார்ப்பது மழை வருமா என்று தெரிந்துகொள்ளத்தான். பட்டா பருத்தியா என்று பார்க்க அவனுக்கு ஏது நேரம்?

இரண்டாவது: 'மனிதன் மனிதனோடு கலந்து பழகுவதே தொழில் வளர்ச்சிக்கு—'

இது கதை இல்லை, வரவேற்புரை. சங்கத்தின் செயலாளர் அருணகிரி இதைப் பின்னால் எப்படியும் மைக்கில் பேசப்போகிறார். இரண்டு முறை கேட்க உங்களுக்கு என்ன தலையெழுத்து?

மூன்றாவது: 'தருமனுக்கு ஆடி மாதத்தில் வேலை கிடையாது.'

இது நிற்கும். இதிலிருந்தே போகலாம்.

3

தருமனுக்கு ஆடி மாதத்தில் வேலை கிடையாது. ஆடியில் யாரும் கல்யாணம் செய்வதில்லை; தருமன் கல்யாணங்களில் பந்தி விசாரிக்கிறவன். பந்தி விசாரிப்பது என்றால், இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊற்றவா என்று கேட்டுக்கொண்டு நடப்பது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அதற்குப் பெண் வீட்டில் மாமன்கள் இருக்கிறார்கள். யார் யாருக்கு எந்த இலை என்று முடிவு செய்து, அவரை அதில் கொண்டுபோய் உட்காரவைப்பது தருமன் வேலை. நாற்பத்தைந்து வயதில் இருபது வருஷம் இதிலேயே போயிருந்தது.

ஒரே கிணற்றுப் பங்குக்காகக் கோர்ட்டுக்குப் போன அண்ணன் தம்பி இருவரும் ஒரே கல்யாணத்துக்கு வருவார்கள். தனித்தனிப் பந்தியில் வைத்தால், அவனுக்கு முதல் பந்தி எனக்கு இரண்டாம் பந்தியா என்று ஒருவன் கோபித்துக்கொண்டு போவான். எதிரெதிர்ப் பாயில் வைத்தால் ரசம் வருவதற்குள் செம்பு பறக்கும். தருமன் அவர்களை ஒரே வரிசையில், ஒரே பக்கத்தில், நடுவில் ஏழு இலை விட்டு உட்காரவைப்பான். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. இருவருக்கும் ஒரே மரியாதை. எட்டாவது இலை விட்டால் விலக்கிவைத்த மாதிரி ஆகிவிடுமாம். ஆறு போதாதாம். இந்தக் கணக்கு எந்தப் புத்தகத்திலும் இல்லை.

சுருக்கமாகச் சொன்னால், சேரக்கூடாதவர்களைச் சேரவிடாமல் ஒரே கூரையின் கீழ் சோறு போட்டு அனுப்புவதில் அந்த ஊரில் அவனை மிஞ்ச ஆள் இல்லை.

அப்படிப்பட்டவனிடம்தான் அருணகிரி வந்தார், அறிமுகமில்லாதவர்களைச் சேர்த்துவைக்க வேண்டும் என்று.

4

அருணகிரி தேரடிப் பக்கம் மோட்டார் உதிரி பாகக் கடை வைத்திருந்தவர். சங்கம் அவர் தொடங்கியது. அதற்கு முந்தைய வருஷம் முதல் மாநாடு நடத்தினார். செங்கத்துக்காரர்கள் செங்கம் பஸ்ஸில் வந்து, செங்கத்துக்காரர்களோடு உட்கார்ந்து, சாப்பிட்டு, செங்கம் பஸ்ஸில் போனார்கள். போளூர், கீழ்பென்னாத்தூர் எல்லாம் அப்படித்தான். ஊரில் தினமும் பார்க்கிற மூஞ்சியை மண்டபத்துக்கு வந்து இன்னொரு முறை பார்த்துவிட்டுப் போனார்கள்.

அதன் பிறகு அருணகிரி ஒரு மோட்டார் கம்பெனி நடத்திய பயிற்சிக்காகக் கோயம்புத்தூர் போனார். அங்கே சட்டையில் பெயர்ச் சீட்டுக் குத்தி, கையில் டீயைக் கொடுத்து, அரைமணி நேரம் நாற்காலியே போடாமல் விட்டார்களாம். நிற்க முடியாமல் ஆட்கள் அலைந்தார்கள், அலைந்ததில் ஒருவரை ஒருவர் தெரிந்துகொண்டார்கள். அதிலேயே மயங்கித் திரும்பினார்.*

(* இந்த வித்தை நம் ஊரில் நடக்காது. நாற்காலி போடாவிட்டால் நம் ஆட்கள் தரையில் துண்டை விரித்துக் குந்திவிடுவார்கள். பெயர்ச் சீட்டு அந்தத் துண்டுக்கு அடியில் போய்விடும்.)

நம் ஆட்கள் அறிமுகம் ஆகிற விதமே வேறு. எந்த ஊர்? அங்கே எந்தப் பக்கம்? யார் மகன்? கடைசியில் எந்தத் தெரு? அந்தக் கடைசிக் கேள்வி எதற்கு என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதற்குப் பதில் கிடைத்ததும் பாதிப் பேச்சு அதோடு முடிந்துவிடும். அருணகிரிக்கும் இது தெரியும். அந்தக் கேள்வி வருவதற்குள் இருவரும் மோட்டாரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. அவர் ஆசை நல்ல ஆசைதான். இதில் நான் கிண்டல் செய்ய ஒன்றுமில்லை.

"இவன அவன் பக்கத்துல குந்த வெக்க உனக்குத் தெரியும் இல்ல?" என்று கேட்டார்.

"வெக்காம இருக்கத் தெரியும்ங்க" என்றான் தருமன்.

அதே வித்தையைத் தலைகீழாகப் போடு என்றார் அருணகிரி. ஆடி மாதம், மண்டபமும் சும்மா கிடக்கிறது, நீயும் சும்மா கிடக்கிறாய் என்றார். தருமன் ஒத்துக்கொண்டான்.

5

இங்கேதான் ஜாஹிரா வருகிறாள். இவளை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஜாஹிரா தருமனின் தெருவுக்கு அடுத்த சந்தில் இருந்தவள். முப்பத்தோரு வயது. எரிந்துபோன மோட்டாருக்குப் புதிதாகச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவாள். அவள் புருஷன், இராமலிங்கம் என்பவரின் பட்டறையில் காயில் கட்டிக்கொண்டிருந்தவர். வீட்டுக்கு எடுத்துவந்து கட்டும்போது இவளும் கூட உட்கார்ந்து கற்றுக்கொண்டாள். அவர் காய்ச்சலில் போன பிறகு, இராமலிங்கம் மோட்டாரின் இரும்புக் கூட்டை இவள் வீட்டுக்கு அனுப்புவார். எந்த ஊர் மோட்டார் என்று அதில் ஒரு அட்டை தொங்கும். இவள் கட்டி, வார்னிஷ் காய்ந்ததும் கொடுத்தனுப்புவாள். ஆறு வருஷம். சுற்றுவட்டாரத்தில் எங்கே மோட்டாரைப் பிரித்தாலும், 'இது ராமலிங்கம் கட்டு' என்று மெக்கானிக்குகள் சொன்னதெல்லாம் இவள் கட்டியது.

இராமலிங்கம் சித்திரையில் பட்டறையை மூடிவிட்டுத் துபாய் போனார். அதோடு மோட்டார் வருவது நின்றது. ஜாஹிரா என்று ஒருத்தி இருப்பது வேறு எந்தப் பட்டறைக்கும் தெரியாது. ஆம்பூரிலிருந்து அண்ணன் கடிதம் போட்டிருந்தார்: ஆடி கடைசி வியாழன் வருகிறேன், சாமானைக் கட்டிவை. அங்கே போனால் அண்ணன் வீட்டுச் சமையலறையில் ஒரு மூலை உண்டு. காயில் சுற்றும் ராட்டினத்துக்கு இடம் கிடையாது. அதை விற்றுவிடச் சொல்லி அதே கடிதத்தில் எழுதியிருந்தார்.

மாநாடு அந்த வியாழனுக்கு முந்தின ஞாயிறு.

(என் சந்தேகம் இது: இவளை அழவைக்க வேண்டுமா? முதல் படியில் அழவைத்தேன். வாசித்தால் எனக்கே சகிக்கவில்லை. விரலில் செம்புக் கம்பி அறுத்த தழும்போடு இருக்கிறவள், வேலை கேட்கப் போகும்போது அழுதுகொண்டு போகமாட்டாள். எங்கள் வீட்டில் கிணறு வெட்டப் போன பெண்களும் கூலி பேசும்போது அழுததில்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.)

அவள் தருமனிடம் கேட்டது இவ்வளவுதான்:

"எனக்கு ஒரே ஒரு பட்டறக்காரரக் காட்டி உடுண்ணா. ஒருத்தர் போதும்."

வாம்மா, நூறு பேரைக் காட்டுகிறேன் என்றான் தருமன்.

6

ஞாயிற்றுக்கிழமை. நூற்றெழுபது மெக்கானிக்குகள்.

தருமன் யோசித்துத்தான் வைத்திருந்தான். கதம்பம் கட்டுகிற மாதிரி: போளூர் ஒன்று, செங்கம் ஒன்று, கீழ்பென்னாத்தூர் ஒன்று, மறுபடி போளூர் ஒன்று. எந்த இரண்டு இலையும் ஒரே ஊர் ஆகக்கூடாது. வாசலிலேயே நின்று ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து அழைத்துப்போய் உட்காரவைத்தான். முதல் பந்தியைத் தூரத்திலிருந்து பார்த்தால் கண்ணுக்கு அழகாக இருந்தது.

சோறு விழுந்தது. செங்கத்துக்காரர் பின்பக்கம் சாய்ந்தார். இரண்டு இலை தள்ளி இருந்த இன்னொரு செங்கத்துக்காரரும் சாய்ந்தார். நடுவில் இருந்த இருவர் முதுகுக்குப் பின்னால் இருவரும் பேச்சை ஆரம்பித்தார்கள். பார்த்துக்கொண்டிருந்த போளூர்க்காரர்களும் சாய்ந்தார்கள். பத்து நிமிஷத்தில் பந்தி முழுக்கப் பேர்பாதி முன்னால் குனிந்தும் பேர்பாதி பின்னால் சாய்ந்தும் இருந்தது. பரிமாறுகிறவர்கள், மாநாட்டுக்கு வந்தவர்களுக்கு எல்லாம் முதுகுவலியா என்று கேட்டார்கள்.

இரண்டாம் பந்தியில் இன்னும் சுலபமாகச் செய்தார்கள். தருமன் திரும்பியதும் எழுந்து இடம் மாறிக்கொண்டார்கள்.

அருணகிரி வந்து, என்னப்பா, போன வருஷத்துக்கும் இதுக்கும் இலைதான் வித்தியாசமா என்று கேட்டுவிட்டுப் போனார். தருமன் தலையைச் சொறிந்துகொண்டான். ஒட்டாத இருவரை அவன் ஒரே வரிசையில் வைத்துப் பழகியவன். ஒட்டுகிறவர்களைப் பிரித்துவைத்து இப்போதுதான் பழக்கம்.

7

ஜாஹிரா எங்கே என்று கேட்கிறீர்கள்.

அவளைத் தருமன் காலையிலேயே மண்டபத்துப் பின்னறையில் உட்காரவைத்துவிட்டான். அங்கே அருணகிரியின் மனைவி கஸ்தூரியம்மாவும், பொருளாளர் வீட்டு அம்மாவும் இருந்தார்கள். மின்விசிறி அங்கே மட்டும்தான் ஒழுங்காகச் சுற்றியது. நல்ல இலையாகப் பார்த்து முதல் இலையை அவளுக்குப் போடச் சொன்னான். வந்த பெண்களுக்கு எங்கே மரியாதையோ அங்கே வைத்தான். இருபது வருஷம் இதில் யாரும் குறை சொன்னதில்லை.

(இதை நான் கேலிக்காகச் சேர்த்ததாக நினைக்கவேண்டாம். அவன் இதைத்தான் செய்திருப்பான். நூற்றெழுபது மெக்கானிக்குகள் கூடிய மண்டபத்தில், ஒரு மெக்கானிக்கும் எட்டிப்பார்க்க முடியாத ஒரே இடத்தைத் தேடிப் பிடித்து, மரியாதையோடு அவளை அதில் உட்காரவைத்தான்.)

இரண்டாம் பந்தி முடிந்து அவன் எட்டிப்பார்த்தபோது அவள் இலையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"சோறு எங்க வூட்லயும் ஆக்கறேண்ணா. நான் ஆளுங்களப் பாக்க வந்தேன்."

கஸ்தூரியம்மா சிரித்துவிட்டார். என்னைக்கூடத்தான் பதினெட்டு வருஷமா ஆளுங்களப் பாக்காத எடத்துலயே குந்தவெக்கிறாங்க, நீ இன்னிக்குத்தான் வந்த என்றார்.

மிச்சம் இருந்தது மூன்றாம் பந்தி. எந்த மண்டபத்திலும் மூன்றாம் பந்திக்கு இலக்கணம் கிடையாது. சமைத்தவர், பரிமாறியவர், காய் நறுக்கிய பெண்கள், பந்தல்காரர், பஸ் தவறி வந்தவர் எல்லாரும் கலந்து உட்காருவார்கள். அங்கே யார் பக்கத்தில் யார் என்று பார்க்க ஆள் கிடையாது, ஏனென்றால் பார்க்கிறவனும் அதில்தான் சாப்பிடுவான். தருமன் அவளை அங்கே கூட்டிப்போனான். இந்தத் தடவை யோசிக்காமல் செய்தான். அதனால்தான் சரியாக அமைந்தது.

8

எதிர்ப் பாயில், வழியில் பஸ் பஞ்சராகித் தாமதமாக வந்த மூன்று போளூர்க்காரர்கள். நடுவில் இருந்தவர் அப்பாதுரை. போளூரில் பெரிய பட்டறை. நாலு தாலுகாவுக்கு மோட்டார் ரிப்பேர் எடுப்பவர். பெரிய குரல். பசி வேறு.

அவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்:

"ராமலிங்கம் கட்டுன்னா கண்ண மூடிக்கினு மாட்டலாம்டா. ஒரே ஒரு கெட்ட பழக்கம், ரெண்டு சுத்து கம்மியாப் போட்டு உட்டுடுவான். ஏன்டான்னு கேக்கலாம்னா, அவன் துபாய்ல குந்திக்கினு இருக்கான்."

ஜாஹிரா சாம்பார் சாதத்தைப் பிசைவதை நிறுத்தினாள்.

"போளூர் மோட்டாருக்கு மட்டும்தாங்க ரெண்டு கம்மி" என்றாள்.

அப்பாதுரை நிமிர்ந்தார். யார் சொன்னது என்றார்.

"நான்தான் கட்டினேன். உங்க ஊரு மோட்டாரு கருகி வர்றதப் பாத்தாத் தெரியும், மூணு பேஸும் ஒரே மாதிரி கருகியிருக்கும். நானூறு வரவேண்டிய எடத்துல பகல்ல முந்நூத்தி முப்பது வோல்ட் வந்தா ஜாஸ்தி. முழுச் சுத்து போட்டா மொனகும், தண்ணி தூக்காது. அதான் ரெண்டு சுத்து கம்மி, கம்பி ஒரு நம்பர் தடிப்பு."

இந்த இடத்தில் நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அப்பாதுரை என்ன செய்வார் என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். 'பொம்பள நீ கட்டினியா?' என்று கேட்கவைப்பது சுலபம். வாசகர்களுக்கும் உடனே ஒரு வில்லன் கிடைத்துவிடுவான். ஆனால் எனக்குக் கதை சொன்ன மெக்கானிக் அடித்துச் சொன்னார், அப்பாதுரை அதைக் கேட்கவே இல்லை என்று. அவருக்கு அந்த இரண்டு சுற்று ஆறு வருஷத்துக் குடைச்சல். எதிரில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்க்கிற அளவுக்கு அவருக்கு அப்போது நிதானம் இல்லை.

"பகலுக்குச் சரி. ராத்திரி வோல்டேஜ் ஏறுதே, அப்ப கருகுறதுக்கு யாரு பொறுப்பு? நீயா?"

"எத்தன கருகுச்சு? சொல்லுங்க."

அவர் இடது கை விரலை மடக்கினார். "மூணு."

"மூணுல ரெண்டு பேரிங் போயி கருகுனது. திரும்ப நான்தான அவுத்தேன். எனக்குத் தெரியாதா?"

"பேரிங்னு ராமலிங்கம் எங்கிட்ட சொல்லவே இல்லயே."

"அவரு எதத்தான் சொன்னாரு?"

இருவர் குரலும் ஏறிவிட்டது. அப்பாதுரை சோற்றுக் கையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். அவளும் விடவில்லை. ஒரு சுற்று மட்டும் குறைத்தால் என்ன என்றார் அவர். அரைகுறை என்றாள் இவள். எத்தனை காயில் கட்டியிருப்பாய் என்றார். எண்ணவில்லை, நீங்கள் பிரித்ததை நீங்கள் எண்ணுங்கள் என்றாள்.

கவனியுங்கள். நம்பாத ஆளிடம் யாரும் சுற்றுக் கணக்கைப் பற்றிச் சண்டை போடமாட்டார்கள். அந்த நாள் முழுக்க அந்த மண்டபத்தில் நடந்த ஒரே அறிமுகம் இதுதான். அருணகிரி இரண்டு வருஷமாகக் கேட்டது, கோயம்புத்தூரில் நாற்காலியை எடுத்துவிட்டு வரவழைத்தது, எல்லாம் இதைத்தான்.

9

தருமன் கொல்லைப்புறத்தில் தண்ணீர்த் தொட்டி அருகே இருந்தான். அவன் காதில் வார்த்தை விழவில்லை. குரல் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்பது மட்டும் விழுந்தது. இருபது வருஷமாக அவன் காது அதை மட்டும்தான் கேட்டுப் பழகியது. ஒரு ஆண் குரல், ஒரு பெண் குரல், எதிரெதிர்ப் பாய். அவன் வாசல்வரை வந்தான். மோர் வாளிக்காரர் ராமனைப் பார்த்து, மோரை இப்போதே விடு என்று இரண்டு விரலைக் காட்டினான்.*

(* இலையில் உட்கார்ந்தவரைப் பாதிச் சாப்பாட்டில் எழுப்பினால் அவர் செத்தாலும் மறக்கமாட்டார். ஆனால் மோர் ஊற்றிவிட்டால் சாப்பாடு முடிந்தது என்று அர்த்தம். அதற்கப்புறம் குழம்பு கேட்கமுடியாது. ஆள் தானாகவே எழுந்துகொள்வார், அவமானமும் இல்லை. சண்டை மூளுகிற பந்திக்கு மோரை முன்னால் விடுவது பந்தி விசாரிக்கிறவர்களின் கடைசி மருந்து. தருமன் வருஷத்துக்கு இரண்டு முறைக்கு மேல் அதை எடுத்ததில்லை.)

ரசம் வரவில்லை. பாயசம் அண்டாவிலேயே இருந்தது. அதற்குள் மோர் வந்துவிட்டது. அப்பாதுரை, அப்படின்னா ஒண்ணு பண்ணு என்று ஆரம்பித்த வாயோடு இருந்தார். இலையில் மோர் விழுந்தது.

அவர் இலையைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார். வெளியூர் மண்டபத்தில் பாயசம் எங்கே என்று கேட்கிற ஆள் இல்லை அவர். பிசைந்து சாப்பிட்டார். மற்ற இரண்டு போளூர்க்காரர்களும் மூணு நாற்பது பஸ் என்றார்கள். இலையை மடித்தார்கள். எழுந்தார்கள். கை கழுவிக்கொண்டு போய்விட்டார்கள்.

(இந்த இடத்தில்தான் எனக்குக் கதை சொன்னவரும் எழுந்துபோனார். இனி நான் தனி.)

தருமன் முகத்தில் வேலையை முடித்த நிம்மதியோடு ஜாஹிராவிடம் வந்தான்.

"பயப்படாத, அனுப்பிட்டேன்."

"யார?"

"அந்தப் போளூர்க்காரன. ரொம்பத்தான் கத்தினான்."

ஜாஹிரா இலையை மடித்தாள்.

"அந்தாளு எங்கூடப் பேசிக்கினு இருந்தாருண்ணா."

"சண்டயில்ல போட்டுக்கினு இருந்தாரு?"

"ஆமா. அதான் பேச்சு."

தருமனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது ராமன் வரிசையின் கடைசி இலைக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். அப்பாதுரைக்கு இவள் பெயர் தெரியாது. எந்தச் சந்து என்று தெரியாது. பெயர்ச் சீட்டு உறுப்பினர்களுக்கு மட்டும்தான் கொடுத்திருந்தார்கள்.

10

முடிவுகள். என்னிடம் மூன்று இருக்கின்றன, மூன்றிலும் குறை இருக்கிறது.

ஒன்று. அப்பாதுரை பாதி வழியில் தானே திரும்பி வந்து, அம்மா, இனி போளூர் மோட்டார் எல்லாம் உனக்குத்தான் என்கிறார். சுற்றி இருக்கிறவர்கள் கைதட்டுகிறார்கள். இதை எழுதி முடித்ததும் எனக்கு வெட்கமாக இருந்தது. மூணு நாற்பது பஸ்ஸை விட்டால் அடுத்தது ஐந்தேகால். சாப்பிட்ட மயக்கத்தில் எந்தப் பட்டறைக்காரர் வெயிலில் திரும்பி நடப்பார்? மூன்றாம் பந்தியில் எச்சில் கையோடு யார் கைதட்டுவார்கள்?

இரண்டு. வியாழக்கிழமை அண்ணன் வருகிறார், ராட்டினம் விலைபோகிறது, ஜாஹிரா பஸ் ஏறுகிறாள், தருமன் தலைகுனிந்து நிற்கிறான். இது நடக்கக்கூடியதுதான். நடந்திருக்கவும் கூடும். ஆனால் இப்படி முடித்தால், துக்கத்தை எழுதினான், ஆகவே உண்மையை எழுதினான் என்று நாலு பேர் என்னைப் பாராட்டுவார்கள். அந்தப் பாராட்டுக்காக அவளை ஆம்பூருக்கு அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

மூன்று. தருமன் விலாசம் வாங்கி, அருணகிரியிடம் சொல்லி, சங்கத்தின் மூலமாகக் கடிதம் போட்டு— வேண்டாம். சங்கத்துக் கடிதம் போளூர் போய்ச் சேருவதற்குள் ஆடி முடிந்து தீபாவளி வந்துவிடும்.

ஆகவே இவற்றை விட்டுவிட்டு, இருவரையும் நடக்கவிட்டேன். அதைத்தான் அவர்கள் செய்திருப்பார்கள். ஜாஹிரா கை கழுவினாள், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தெருவில் இறங்கினாள். கூட்டிக்கொண்டு போ என்று அவள் கேட்கவில்லை. தருமன் பந்தியை அப்படியே விட்டுவிட்டு அவள் பின்னால் வந்தான். ஒருவரை ஒருவரிடம் கொண்டுபோய் விடும்போது அவன் எப்போதும் முன்னால் நடப்பவன். அன்றைக்குப் பத்தடி பின்னால் வந்தான். வழியில் ஒரே ஒரு முறை கேட்டான், போய் என்னான்னு சொல்லுவ என்று. தெரியலண்ணா என்றாள்.

11

பஸ் ஸ்டாண்டு. போளூர் வண்டி நிற்கிறது. இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது.

அப்பாதுரை மூன்று பேர் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் முகம் ஜன்னல் பக்கம் இல்லை. முன் சீட்டில் இருக்கும் தம் ஊர்க்காரர்களிடம், ஒரு சுற்றா இரண்டு சுற்றா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார். ஜாஹிரா ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றுவிட்டாள். ஏங்க என்று ஒரு முறை கூப்பிட்டாள். இஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டில், நாலு பேர் பார்க்க, பேர் தெரியாத ஆம்பிளையை இரண்டாவது முறை அதைவிடச் சத்தமாகக் கூப்பிடுவாளா? எனக்குத் தெரியவில்லை. அவளும் அதைத்தான் யோசித்துக்கொண்டு நிற்கிறாள். தருமன் வாயைத் திறந்தால் மறுபடியும் ஏதாவது ஆகிவிடுமோ என்று பத்தடி தள்ளி நிற்கிறான்.

அப்பாதுரைக்குப் பக்கத்துச் சீட்டில் நான் யாரையும் உட்காரவைக்கவில்லை. முதலில் ஒரு கடலை வியாபாரியை எழுதினேன், அப்புறம் எடுத்துவிட்டேன். அது உங்கள் இடம். இவ்வளவு தூரம் கூடவே வந்தவர் நீங்கள். இவள் யார், எதற்கு வந்து நிற்கிறாள் என்று இந்த வண்டியில் உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது.

முழங்கையால் அவரை ஒரு இடி இடித்தால் திரும்பிவிடுவார். திரும்பி, என்ன என்று உங்களைத்தான் கேட்பார். இன்னார் மனைவி, இன்ன சந்து என்று ஆரம்பித்தீர்களானால் நேரம் போய்விடும். இந்தப் பொம்பள பாவம் என்று சொன்னீர்களானால் அவளே உங்களை மன்னிக்கமாட்டாள். என்ன சொல்ல வேண்டும் என்று யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சமாகச் சொல்லுங்கள்.

கண்டக்டர் ஏறிவிட்டார். டிரைவர் பீடியைக் கீழே போட்டுக் காலால் நசுக்குகிறார். இதற்கு மேல் என்னால் வண்டியைப் பிடித்து நிறுத்த முடியாது.

இடியுங்கள்.